பெயிண்டுக்கு அடியில் ஓடிய டீசல்

என் லாரியில் நாலு மாதம் டீசல் ஒழுகியது. கொட்டவெல்லாம் இல்லை. வாலாஜாபாத் அரிசி ஆலையில் நெல் மூட்டைகளை இறக்கிவிட்டு, மாகறல் வழியாக ஊருக்குத் திரும்பி, ஏரிக்கரைக் களத்தில் வண்டியை நிறுத்துவேன். நான் கை கால் கழுவி வருவதற்குள் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண் ஒரு தட்டு அகலத்துக்குக் கறுத்திருக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த வாடை விடாது. சட்டையில், சோற்றில், தலையணையில் எல்லாம் அதுதான். என் மனைவி இருந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தித் திட்டியிருப்பாள். அவள் போன மாசியில் இறந்துவிட்டாள். திட்ட ஆளில்லாத வீட்டில் எந்த வாடையும் இஷ்டத்துக்குக் குடியிருக்கலாம்.

உத்திரமேரூரிலிருந்து மெக்கானிக் நாலு தடவை வந்தார். வருகிறபோதெல்லாம் இன்ஜின் பக்கவாட்டில் பைப் வந்து சேரும் நட்டைத்தான் கைகாட்டினார். ஈரம் அங்கேதான் இருந்தது.

"வாஷரு தேஞ்சி கீதுண்ணா. மாத்திட்டா நின்னுடும்" என்பார்.

மாற்றுவார். இரண்டு நாள் ஒழுகாது. மூன்றாம் நாள் மண் கறுக்கும். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். குளிக்கிற சோப்பைத் தேய்த்து அப்பச் சொன்னார் ஒருவர். அப்பினேன். ஒரு நடைக்குத் தாங்கியது. நெல் மூட்டையோடு ஆலைக்குள் நுழைந்தபோது வண்டி குளித்துவிட்டு வந்ததுபோல் மணந்தது, லோடுமேன்கள் சிரித்தார்கள்.

என் ஒரே மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். குடும்பத்தோடு ஆறாவது மாடியில் இருக்கிறான். அம்மா இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். "சாப்ட்டியா?" என்பான். "சாப்ட்டேன்" என்பேன். அதற்குமேல் எங்கள் இரண்டு பேருக்கும் பேசத் தெரியாது. நடுவில் இருந்து பேசியவள் அவள்தான். லாரி ஒழுக ஆரம்பித்ததும் நிலைமை மாறியது. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியதும் கூப்பிட ஆரம்பித்தான்.

"இன்னா நைனா, நின்னுச்சா?"

"இல்லடா. ஒழுவிக்கினுதான் கீது."

அவ்வளவு போதும், அரை மணி நேரம் ஓடிவிடும். வீடியோக்களைப் பார்த்துவிட்டு எனக்கே பாடம் நடத்துவான். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவனிடம் டீசல் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று சொல்வான். எனக்குக் கோபம் வரும், ஆனாலும் போனை வைக்க மனம் வராது. கடைசியில் மட்டும் ஒன்று சொல்வான்.

"தை அறுப்புக்குள்ள நிக்கலன்னா வித்துடு நைனா. ஒண்டியா ஓட்டிக்கினு போற, நடு வழியில தீப்புடிச்சா யாரு பாக்குறது? என்னாண்ட வந்து இரு."

அவன் வீட்டுக்கு ஒருமுறை போய் நாலு நாள் இருந்தேன். காலையில் எல்லோரும் கிளம்பிப் போனால் கதவைச் சாத்திக்கொண்டு மாலைவரை மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தேன். லாரி இருந்தால் ஆலை வாசலில் நாலு பேர் பெயர் சொல்லியாவது கூப்பிடுவார்கள். அதை விற்றுவிட்டால் யாருக்கும் என்னைக் கூப்பிட ஒரு வேலையும் இல்லை. அதனால் ஒழுகல் நின்றே ஆக வேண்டும்.

கஷ்டம் என்னவென்றால், இன்ஜின் உறுமும்போதுதான் அது ஒழுகும். ஒருவர் மேலே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விட வேண்டும், இன்னொருவர் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் என் மனைவிதான் மிதிப்பாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, நான் "போதும்" என்று கத்தினாலும் கேட்காமல் இரண்டு மிதி கூடுதலாக மிதிப்பாள். மிதிக்க வாருங்கள் என்று நான் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்திருப்பார்கள். அந்த இடத்தில் வேறு ஆள் உட்காருவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இதுதான் உண்மை.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை, இன்ஜினை ஓடவிட்டு, டீசல் பம்பில் இருக்கும் ஆக்சிலேட்டர் லீவரில் நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். அதற்கு முன் பைப்பையெல்லாம் துணியால் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். ஈரம் எங்கே தொடங்கினாலும் வெள்ளையில் கோடு விழும். பவுடர் டப்பா அவளுடையது. கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. டீசலும் பவுடரும் கலந்து வந்த மணத்தில், கயிற்றை இழுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து அழுதேன்.

பிறகு இழுத்தேன். நட்டின் மேல் வெள்ளை நனைந்தது. பைப்பின் மேல் ஒரு கோடும் இல்லை. அப்படியானால் நட்டுதானே என்று எழுந்து, சும்மா பைப்பை நகத்தால் கீறினேன். பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் டீசல்.

வருடா வருடம் ஓடத் தகுதியுண்டு என்ற எஃப்.சி. சான்று வாங்க வண்டியைக் காட்டப் போகும்போது, இன்ஜினில் எண்ணெய்க் கறை தெரியக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் பைப், நட் என்று பார்க்காமல் சில்வர் பெயிண்ட் அடித்துவிடுவோம். போன வருடம் அவள் இறந்த மறுமாதமே எஃப்.சி. வந்தது. வீட்டில் இருக்கவே முடியவில்லை. ஒரு கோட்டு போதும் என்ற இடத்தில் மூன்று கோட்டு அடித்தேன். பொழுது போக வேண்டுமே. மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பைப்பில், கிளாம்ப் உராய்ந்து மேலே ஒரு மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது. டீசல் வெளியே வர வழியில்லாமல் பெயிண்டுக்கு அடியிலேயே முழங்கை நீளம் ஓடி, ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் விட்டுப்போன நட்டில் வந்து எட்டிப் பார்த்திருக்கிறது. பாவம், நட்டு. நாலு மாதம் பழியைச் சுமந்தது.

அன்றே உத்திரமேரூர் போய் அதே அளவில் பைப் வளைத்து வாங்கி வந்து மாட்டினேன். இரண்டு நடை ஆலைக்குப் போய் வந்தேன். மண் காய்ந்தே கிடந்தது. ராஜா மாதிரி மகன் போனுக்காகக் காத்திருந்தேன்.

"நின்னுடுச்சிடா. பெயிண்டு உள்ள ஓடிக்கினு இருந்திருக்குது."

"சூப்பர் நைனா! அப்ப பேஜாரு வுட்டுது. வண்டிய வச்சிக்கோ, ஓட்டு" என்று சிரித்தான். முழுக் கதையையும் சொல்ல வாயெடுத்தேன். பஸ்ஸில் கூட்டம் என்று வைத்துவிட்டான்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவன் மேல் தப்பில்லை, கேட்க என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். "சாப்ட்டியா?" என்றான். "சாப்ட்டேன்" என்றேன். அடுத்த நாலு நாள் லாரியும் வாடையில்லாமல் இருந்தது, வீடும் வாடையில்லாமல் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் நானே கூப்பிட்டேன்.

"இன்னா நைனா?"

"மறுபடியும் ஒழுவுதுடா."

"இன்னா சொல்ற! அதே எடத்துலயா?" அவன் குரலில் அந்தப் பழைய படபடப்பு. ஏதேதோ கேட்டான், வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அரை மணி நேரம் ஓடியது. பிறகு, "வுடு, ஞாயித்துக்கெழம நானே வரேன். பாத்துட்டு இந்த வாட்டி வண்டிய ஒரு முடிவு பண்ணிடலாம்" என்றான்.

என்ன முடிவு என்று எனக்குத் தெரியும். இல்லடா, சும்மா சொன்னேன் என்று சொல்ல இரண்டு நாள் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்பேனரை எடுத்துப் போய்ப் புதுப் பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்தினேன். ஸ்டார்ட் செய்து பார்த்தேன். சொட்டியது. இன்ஜினை நிறுத்திவிட்டு, மகன் வருகிறான், ஏரி மீன் எடுத்து வையுங்கள் என்று மீன்காரரிடம் சொல்லப் போனேன்.