மெசினில் இல்லாத பற்கள்

சாவகச்சேரியில் என் வீட்டுத் தச்சுப் பட்டறைக்காக, பலகையை ஒரே கனத்தில் சீவும் பழைய மெசின் ஒன்றைப் பார்த்தேன். பலகை திரும்பி எகிறாமல் தடுக்கும் இரும்புப் பற்கள் அதில் இல்லை.

"உது தேவையில்லை அண்ணை, ஓட்டத்தைப் பாருங்கோ" என்றார் விற்றவர். ஓட்டத்தை மட்டும் பார்த்து வாங்கினேன்.

நல்ல நேரத்தில் கற்பூரம் கொளுத்தி மெசினை ஓடவிட்டேன். "நேரை நிண்டு கும்பிடும்" என்று மனைவியை மெசின் வாய்க்கு எதிரே நிறுத்தியவனும் நான்தான். பக்கத்தில் நின்று முதற்பலகையை உள்ளே விட்டேன். அது திரும்பிப் பாய்ந்து அவள் வயிற்றில் அடித்தது.

"ஒண்டுமில்லையப்பா" என்றாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

இப்போதுள்ள மெசினை, அதன் பற்களைத் தொட்டுப் பார்த்தே வாங்கினேன். ஓடவிடுமுன் எதிரே யாரும் நிற்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். வீட்டில் இருப்பது நான் மட்டும்தான்.