கழற்றச் சொன்ன கொடி

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, வால்தம்ஸ்டோவில் ஒரு கடையில் என்னைக் கள்ளி என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள நான் முயன்றதும் இல்லை.

நாங்கள் விட்டு வந்த ஊரில் போர் நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. ஒருவருக்கும் கொண்டாட மனமில்லை. ஆனாலும் மண்டபத்துக்குக் காசு கட்டியாயிற்று என்று வெம்பிளியில் ஒரு பிள்ளை பெரியவளானதற்கான சாமத்திய வீட்டை நடத்தினார்கள். அதற்காக வங்கிப் பெட்டகத்திலிருந்து தாலிக்கொடியை எடுத்துப் போட்டிருந்தேன். எங்களில் பலர் கொடியை நாளாந்தம் போடுவதில்லை, விசேஷங்களுக்குத்தான் அது வெளியே வரும். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு, பரிசுப் பை ஒன்று வாங்க வழியில் அந்தக் கடைக்குள் போனேன்.

பையை வாங்கிக் காசும் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். அங்கே போலிச் சங்கிலிகள் தொங்கிய தட்டியில் ஒரு கண்ணாடி இருந்தது. பார்த்தால், கொடி கம்பளிச் சட்டைக்கு வெளியே கிடந்து மின்னுகிறது. தெருவில் எங்கள் பெண்களின் கழுத்தைப் பார்த்துச் சங்கிலி அறுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் அப்போது இருந்தார்கள். வெளியே இறங்குமுன் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடியைச் சட்டைக்குள் தள்ளுவது எங்களுக்குக் கை தானாகச் செய்கிற வேலை. தள்ளினேன், கோட்டுப் பொத்தானையும் பூட்டினேன்.

வாசலைத் தாண்டியதும் காவலுக்கு நின்றவன் கையை நீட்டி மறித்தான். முதலில் ஆங்கிலத்தில் பேசினான். என் பொட்டைப் பார்த்ததும், "உள்ளுக்கு ஒருக்கா வாங்கோ அக்கா" என்றான். எங்கள் ஆள். எனக்கு ஒரு நிமிடம் நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பின்னறையில் கடை மனேஜர் இருந்தாள். சூயிங்கத்தை மென்றபடி கமராப் படத்தைப் போட்டுக் காட்டினாள். தட்டியருகே ஒரு பெண் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தங்கச் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளுகிறாள். அந்தப் படத்தை மட்டும் பார்த்தால் நானே என்னைக் கள்ளி என்பேன். போதாததற்கு, தட்டியின் கீழே கிடந்தது என்று சங்கிலி கோத்து விற்கிற அட்டை ஒன்றையும் சங்கிலியில்லாமல் மேசையில் போட்டாள். எந்தத் திருடியோ எப்போதோ உருவிக்கொண்டு போனது, என் தலையில் விடிந்தது.

கொடியை வெளியே இழுத்துக் காட்டினேன். இது என் கலியாணச் சங்கிலி என்றேன். கழற்றி மேசையில் வை என்றாள். மாட்டேன் என்றேன்.

"கழட்டிக் காட்டுங்கோ அக்கா, பாத்திட்டுத் தந்திடுவினம். எனக்கும் வேலை கிடக்கு" என்றான் காவலாளி.

"தம்பி, இது என்னெண்டு உமக்குத் தெரியும். அதை அவவுக்குச் சொல்லும்."

"எனக்கு நகையைப் பற்றித் தெரியாது அக்கா."

"உம்மட மனிசியையும் இப்பிடித்தான் கழட்டச் சொல்லுவீரோ?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாலி தெரியாத தமிழன். என்னைப் பிடித்தது தவறு என்று ஒத்துக்கொண்டால் மனேஜரின் முன் மூக்குடைபடும் என்பதற்காக அவன் தன் தாயின் கழுத்தையும் மறந்து நின்றான்.

தாலியைப் பற்றிப் புனிதம் பேசுகிற ஆள் அல்ல நான். நானே கழற்றிப் பெட்டகத்தில் வைக்கிற சாமான்தான். ஆனால் திருட்டுப் பொருள் என்று ஒருத்தி சொல்ல, அவள் மேசையில் அதைக் கழற்றி வைக்க எனக்குக் கை வரவில்லை. அவர்கள் பொலிசைக் கூப்பிடவும் இல்லை. பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு, இனி இந்தக் கடைக்குள் காலடி வைக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். நான் வெம்பிளிக்குப் போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சில கிழமைகளில் ஒரு கடிதம் வந்தது. கடைக்காக வேறொரு கம்பனி எழுதியிருந்தது. என்னால் அவர்களுடைய ஆட்களின் நேரம் வீணானதாம், காவலுக்குச் செலவானதாம், ஆகவே நூற்றைம்பது பவுண் காசு கட்ட வேண்டுமாம். கட்டாவிட்டால் நீதிமன்றத்துக்குப் போவார்களாம். என்னை மறித்து வைத்து அவமானப்படுத்தியதற்கு என்னிடமே கூலி கேட்டார்கள்.

என் கணவர் அதை வாசித்துவிட்டுச் சன்னல் திரையை இழுத்து மூடினார். வெஸ்ட் ஈலிங் கோயிலில் திருவிழாவென்றால் நாலு பேருக்குத் தெரிய முன்னுக்கு நிற்கிற மனிதர் அவர்.

"காசைக் கட்டிப்போட்டு விடுவம். அந்த செக்கியூரிட்டி எங்கட ஆள். கோடு, கச்சேரியெண்டு இழுபட்டால் கோயில்ல கதை பரவீடும்."

"கட்டினால் நான் களவெடுத்தன் எண்டு ஆகீடும்."

"அங்க சனம் செத்துக்கொண்டிருக்கு. நீர் ஒரு கடிதத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்."

செத்துக்கொண்டிருந்தவர்களில் என் சொந்தங்களும் இருந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து என் வாயை அடைக்கப் பார்த்தார். அன்றிரவு நான் அவருக்குச் சாப்பாடு போடவில்லை.

அடுத்த நாள் இலவச ஆலோசனை நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் கடிதத்தை வாசித்துவிட்டு, இது அபராதமும் இல்லை, நீதிமன்றத்திலிருந்து வந்ததும் இல்லை என்றாள். வழக்குப் போட்டால் அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். பேசாமல் விடாதே, மறுத்து எழுது, உன்னால் என்ன நட்டம் என்று விபரம் கேள் என்றாள். அப்படியே எழுதினேன். நான் எதையும் எடுக்கவில்லை. என் கழுத்தில் கிடந்தது என் தாலி. ஒரு சதமும் தர மாட்டேன். கமராப் படத்தை வைத்திருங்கள், நீதிமன்றத்தில் எல்லோருமாகப் பார்ப்போம். கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

நான் கேட்ட எதற்கும் பதில் வரவில்லை. அதே மிரட்டலோடு இரண்டாவது கடிதம் வந்தது, பிறகு மூன்றாவது. இரண்டுக்கும் அதே பதிலை அனுப்பினேன். வழக்குப் போடட்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன். நீதவான் முன்னால் அந்தக் காவலாளியை நிறுத்தி, இது என்னவென்று தெரியாதா என்று கேட்க வேண்டும். பிறகு கடிதங்கள் நின்றுவிட்டன. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த வருடம் எனக்கென்று இருந்த ஒரே வெற்றி அதுதான்.

இலையுதிர் காலத்தில், மீண்டும் வெம்பிளியில் ஒரு கலியாணம். கொடியைப் போட்டுக்கொண்டேன். மண்டபத்தின் முன் காரை நிறுத்தும்போது எனக்குப் பெருமை பேசத் தோன்றியது.

"பாத்தீங்களே, என்னோட மோத ஏலாமல் அடங்கிட்டினம்."

அவர் எஞ்சினை நிறுத்தினார். "அவை அடங்கேல்ல. மூண்டாவது கடிதத்தோட நான் காசைக் கட்டிப்போட்டன்."

நான் எடுக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டு எழுதியதன் மேல் இவர் காசை வைத்திருக்கிறார்.

"நான் எடுத்தன் எண்டு நீங்களே ஒப்புக்கொண்டிட்டீங்கள்."

"ஒருத்தருக்கும் தெரியாது. மானம் போகேல்ல. அது போதும்."

"உங்களுக்கு என்னில சந்தேகமோ?"

"நீர் எடுத்தீரோ எடுக்கேல்லையோ, அதை இப்ப ஏன் கதைக்கிறீர்?"

அந்தக் கொடியை என் கழுத்தில் கட்டிய மனிதர் கேட்ட கேள்வி அது. மனேஜருக்கு அது என்னவென்று தெரியாது. காவலாளி தெரியாத மாதிரி நின்றான். இவருக்கு எல்லாம் தெரியும்.

கழுத்துக்குப் பின்னால் கையைக் கொடுத்துப் பூட்டைக் கழற்றினேன். கொடியை அவர் மடியில் வைத்தேன்.

"என்ன செய்யிறீர்? உள்ளுக்கு எல்லாரும் பாப்பினம்."

"பாக்கட்டும்" என்று இறங்கி நடந்தேன்.

ஒரு கலியாண வீட்டில் எங்கள் பெண் ஒருத்தி வெறுங்கழுத்தோடு வந்தால் மண்டபம் முழுவதும் அந்தக் கழுத்தைத்தான் பார்க்கும். முன் வரிசையிலிருந்த ஒரு அம்மா பொறுக்க மாட்டாமல் என் கையைப் பிடித்தார்.

"என்ன பிள்ளை, கொடியைக் காணேல்ல?"

நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "அவரிட்டக் கேளுங்கோ அம்மா" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். வாசலில் என் கணவர் என் கொடியைக் கோட்டுப் பைக்குள் தள்ளிக்கொண்டு நின்றார்.