கடுகு வயலில் இறங்கிய தம்பி

தொழிற்பேட்டையில் அச்சிலிருந்து பீங்கான் பொம்மைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தியை யாரோ போனில் சத்தமாக வைத்தார்கள். எங்கோ வடக்கே ஒரு போர்விமானம் மேலே எழும்பிய கொஞ்ச நேரத்தில் விழுந்து எரிந்துவிட்டது, உள்ளே இருந்த இருவரும் குதித்துத் தப்பிவிட்டார்கள். கை நிறைய மண்ணோடு நானும் கேட்டேன். அந்த இருவரில் ஒருவன் என் பெரியப்பா மகன் என்பது சாயங்காலம் பெரியம்மா அழுதுகொண்டே கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

சில மாதம் கழித்து இடுப்பில் பட்டையோடு விருத்தாசலம் வந்தான். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். பயமாக இருந்ததா என்றே எல்லோரும் கேட்டார்கள். "அதுக்கெல்லாம் நேரமே இல்லங்க" என்று அவனும் சலிக்காமல் சொன்னான். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அவர்கள் கிளம்பியதும் டீயோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வெளிய வந்தப்ப என்னடா பாத்த?"

"கைப்பிடிய இழுத்தது ஞாபகம் இருக்குது. அடுத்தது பாராசூட்ல தொங்கிட்டு இருக்கேன். நடுவுல ஒண்ணுமே இல்லக்கா. சீட்டுக்கு அடியில வெடிச்சுதான் நம்மளத் தூக்கி எறியும். அந்தச் சத்தம்கூட எனக்குக் கேக்கல."

முதலில் கூட வந்தவரைத் தேடியிருக்கிறான். எதிரே யாரும் இல்லை. உடம்பை முறுக்கித் திரும்பினால், பின்னால் அவரும் தொங்கிக்கொண்டு கையை ஆட்டுகிறார். கீழே விமானம் எரிந்த இடம் வெறும் தரிசு. பக்கத்தில் வீடு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் மூச்சு சீராக வந்ததாம்.

அவன் விழுந்தது ஒரு கடுகு வயலில். எழுந்திருக்க முடியவில்லை. கம்போடு ஒரு விவசாயியும் அவர் மனைவியும் ஓடி வந்தார்கள். எந்த நாட்டு ஆள் என்று அந்தம்மா இந்தியில் கேட்டிருக்கிறார்.

"நான், 'நம்ம ஊருதாம்மா'ன்னு தமிழ்ல சொல்லிட்டேன். இந்தி மொத்தமும் மறந்துபோச்சு. அந்தாளு கம்ப ஓங்கிட்டாரு."

"அய்யோ, அப்புறம்?"

"சட்டையில இருக்கற கொடியக் காட்டினேன். அந்தம்மா அவரத் தள்ளிவிட்டுட்டுத் தண்ணி குடுத்தாங்க. ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் வெயில் படாம முந்தானையப் புடிச்சுகிட்டே நின்னாங்க."

"மறுபடியும் ஓட்டுவியா?"

அடுப்படியில் பெரியம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது.

"டாக்டர் விட்டா ஓட்டுவேன்" என்றான், அந்தப் பக்கம் பார்க்காமல்.

டாக்டர் விட்டார். ஓட்டி இறங்கிய பிறகே பெரியம்மாவிடம் சொன்னான். அவர் கொஞ்ச நாள் அவன் போனை எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் பேட்டைக்கே என்னைத் தேடி வந்தார்.

"அந்த சீட்ட சரியா பாத்துதான் வெக்கிறாங்களான்னு நீ கேளு."

கேட்டேன்.

"நானும் ஒரு தடவ பாத்துட்டுத்தான் ஏறுவேன்னு அம்மாகிட்ட சொல்லுக்கா" என்றான்.

சொன்னேன். அன்று ராத்திரி பெரியம்மாவே அவனைக் கூப்பிட்டுப் பேசினார்.