இடது பக்கம் சத்தம் கம்மி

ஓடுவதற்கென்று இயர்போன் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ஓடுவதே இல்லை. பன்னிரண்டு வருஷமாகத் திருவண்ணாமலையில் தேரடிப் பக்கம் செல்போன் சாமான் விற்கிற தல்ஹா சொல்கிறேன், நம்புங்கள். கலர் பார்ப்பார்கள், சவுண்டு எகிறுமா என்பார்கள், வேர்வை பட்டால் தாங்குமா என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். காதுக்குள் போகிற ரப்பர் மூன்று அளவில் வருகிறது, போட்டுப் பார்த்து எடுங்கள் என்றால் எனக்கே பாடம் நடத்துவார்கள். அந்த எரிச்சலில் உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் முருகவேல் கடைக்கு வந்தார். "ஓடும்போது கழண்டு வுழக்கூடாது பாய். ரோட்டுல வர்ற வண்டி சத்தமும் காதுல வுழணும். அந்த மாதிரி ஒண்ணு குடு" என்றார். விவரம் தெரிந்த ஆள் என்று அப்போதே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

முருகவேலுக்கு நாற்பத்தேழு வயது. சொந்த ஊர் அடி அண்ணாமலை. அப்பாவின் ஒன்றரை ஏக்கர் மணிலாக் கடலையை நம்பி நான்கு பிள்ளைகள் பிழைக்க முடியாதென்று பத்தாவதோடு படிப்பை விட்டு லாரியில் கிளீனராக ஏறியவர். ஆந்திரா, கர்நாடகா என்று சுற்றி, இருபத்தாறு வயதில் ஸ்டியரிங் பிடித்தார். பதினாறு வருஷமாக, பஸ் ஸ்டாண்டிலிருந்து செங்கம் ரோடு வழியாக அடி அண்ணாமலை போகிற மினி பஸ் அவர் கையில். முதலாளி வேறொருவர்தான், ஆனாலும் அது ஊருக்கு 'முருகவேல் பஸ்'. பௌர்ணமிக் கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டியும் ஒருவர் மேலும் உரசியதில்லை. "ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல பாய்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் மனுஷனுக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிடும். வரட்டுமே, நியாயமான கர்வம்தான்.

போன வருஷம் சர்க்கரை இருப்பது தெரிந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது வயசானவர்கள் வேலை என்று இவர் கிரிவலப் பாதையில் ஓட ஆரம்பித்தார். மனைவி தமிழ்செல்வி விழுந்து விழுந்து சிரித்தாளாம். சிரித்தாலும் ஓடினார். தனியாக ஓடுவது சலிப்பாக இருக்கிறதென்றுதான் பாட்டுக்கு வழி தேடி என்னிடம் வந்தார்.

காது மடலில் கொக்கி போல மாட்டுகிற ஒயர் இயர்போன் ஒன்றைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார்.

"இன்னா பாய், லெஃப்ட்ல சவுண்டே வர்ல."

நான் மாட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கணீரென்று கேட்டது. வம்பெதற்கு என்று வேறொன்று கொடுத்தேன். அடுத்த வாரம் அதுவும் திரும்பி வந்தது, அதே இடது பக்கம். சரக்கு அனுப்புகிறவனுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம் அவன். மூன்றாவதை என் கண்ணெதிரிலேயே மாட்டச் சொன்னேன். மாட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

"கம்மி பாய். லெஃப்ட்ல ரொம்பக் கம்மி."

இரண்டையும் கழற்றி, இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் நானே வைத்துவிட்டேன். முருகவேல் இரண்டையும் விரலால் அழுத்திப் பார்த்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப ரைட்டு பீஸும் பூட்ச்சு" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். கெட்டுப்போனது இயர்போன் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது, நான் அந்த வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாதென்று கெஞ்சுகிற மாதிரி. டிரைவரிடம் போய் உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? நான் பேச்சை மாற்றினேன்.

"காதுக்குள்ளயே போகாத மாடல் ஒண்ணு வந்திருக்குங்க. கன்னத்து எலும்புல ஒட்டிக்கும். காது ரெண்டும் தொறந்தே இருக்கும், வண்டி சத்தம் கேக்கும். ரோட்டுல ஓடுறவங்களுக்கு இதான் சரி."

அவர் முகம் மாட்டியவுடனே மலர்ந்தது. வலது பக்கத்தை விரலால் தூக்கிவிட்டு இடதை மட்டும் அழுத்திக் கேட்டார். "கேக்குது பாய்! லெஃப்ட்ல சூப்பரா கேக்குது! நான்கூட பயந்தே பூட்டேன். ஒன் சரக்குதான்யா மட்டம்."

எலும்பில் வைக்கிற இயர்போன் எந்தப் பக்கம் அதிர்ந்தாலும் அந்த அதிர்வு மண்டை முழுக்கப் பரவும். இடது கன்னத்தில் வைத்ததை வலது காதும் கேட்கும். சென்னையில் சரக்கு எடுக்கும் இடத்தில் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வாய் வரை வந்ததை மென்று முழுங்கினேன். சந்தோஷமாகப் போகிறவரை ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சுத்தமான கோழைத்தனம், வேறொன்றுமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அடி அண்ணாமலையில் ஒரு வேலை. முருகவேல் பஸ்ஸிலேயே ஏறினேன். கண்டக்டர் சக்கரபாணி விசில் ஊதவே இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய், டிரைவர் தோளைத் தட்டி "ரைட்" என்றார். அறுபதை நெருங்குகிற மனுஷன், மூட்டு வலியோடு இழுத்து இழுத்து நடந்தார்.

"விசில் இன்னா ஆச்சுங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ரெண்டு வருஷமா இப்டிதான் பாய். படி பக்கம் ஊதுனா அவருக்கு எட்டாது. ஜன்னல் பக்கம் லாரி கீரி போச்சுன்னா சுத்தம்." கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "திங்கக்கிழமையிலேர்ந்து நான் வர்ல. மூட்டு ஆபரேசன். மாறன்னு புதுசா ஒரு ஆளு வர்றான்."

"முருகவேலுகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாமயா? ஆஸ்பத்திரில காட்டுன்னு தலபாடா அடிச்சிக்கினேன். அவரு இன்னா சொல்றாரு தெரியுமா? தல்ஹா பாய் கடையில டெஸ்டு பண்ணிப் பாத்தாச்சு, ரெண்டு காதும் சுத்தமா கீதுன்றாரு."

நான் அப்படிச் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லையே! அன்று திரும்பும்போது ஆட்டோவில் வந்தேன். சனிக்கிழமை, சொல்லிவிடலாமென்று முருகவேல் வீடு வரை போனேன். ஓடிவிட்டு வந்து வியர்வையோடு நின்றவர், "ஒன்னாலதான் பாய் ஒடம்பு தேறிச்சு" என்று என் கையைப் பிடித்தார். தமிழ்செல்வி டீ கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் சொல்லாமலே போனது.

திங்கள் காலை என் மனைவி உம்மே ஹானி பள்ளிக்கூடம் கிளம்பினாள். அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர், தினமும் அந்தப் பஸ்ஸில்தான் போவாள். ஏதேதோ சாக்குச் சொல்லி அவளைத் தாமதப்படுத்தினேன். பிறகு, "இனிமேல் அந்தப் பஸ் வேண்டாம், நானே பைக்கில் விடுகிறேன்" என்றேன். ஏன் என்றாள். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

வீட்டில் எங்கள் பேச்சு உருது. கோபம் தலைக்கேறினால் மட்டும் அவள் தமிழுக்கு மாறிவிடுவாள்.

"அப்ப என்னை மட்டும் எறக்கிட்டீங்க, இல்ல? என் பசங்க பதினாலு பேரு அதுலதாங்க வர்றாங்க. படியிலேர்ந்து குதிச்சு எறங்குற வயசு. அதுங்களை யாருங்க எறக்குறது?"

பஸ் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. முருகவேலுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. பைக்கை எடுத்தேன். பின்னால் அவள் என் தோளை நகம் பதியப் பிடித்திருந்தாள். செங்கம் ரோட்டை எப்படித் தாண்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

பள்ளிக்கூட நிறுத்தத்தில் பஸ் நின்றிருந்தது. நாங்கள் நெருங்குவதற்குள் கிளம்பிவிட்டது. உம்மே ஹானி வீறிட்டாள். இறங்கிய ஒரு பெண் குழந்தையின் பைப் பட்டை படிக் கம்பியில் மாட்டியிருந்தது. குழந்தை பஸ்ஸோடு ஓடியது, பிறகு ஓட முடியாமல் இழுபட்டது. படியில் நின்ற புதுக் கண்டக்டர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டே இருந்தான். வலது பக்கம் ஒரு ஜல்லி லாரி இரைச்சலோடு தாண்டிப் போனது. பஸ் நிற்கவில்லை. லாரி போன மறு நொடி நான் பைக்கை பஸ்ஸின் வலது பக்கம் கொண்டுபோய், டிரைவர் ஜன்னலை ஒட்டி ஹாரனை அழுத்தினேன். அழுத்திய விரலை எடுக்கவே இல்லை.

பஸ் குலுங்கி நின்றது. குழந்தைக்கு இரண்டு முட்டியும் தோல் உரிந்திருந்தது. அதன் ஒரு செருப்பு பின் சக்கரத்துக்கு அடியில் கிடந்தது. உம்மே ஹானி அவளை வாரி எடுத்துக்கொண்டாள்.

முருகவேல் சுற்றி வந்து செருப்பைப் பார்த்தார். மாறன் பக்கம் திரும்பி, "விசில் அடிச்சியா?" என்றார்.

"நிறுத்தாம ஊதுனேண்ணா" என்று மாறன் அழுதான்.

முருகவேல் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒனக்கு அன்னிக்கே தெரியுமா பாய்?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவர் எழுந்து வந்து, வலது காதை என் முகத்துக்கு நேரே திருப்பிக்கொண்டு நின்றார். "வாயத் தொறந்து சொல்லு" என்றார்.