முப்பது கல்லுக்கு இருபத்தேழு: மரக்காணத்துக்கு ஜீப்பை விற்கப் போனோம்

எங்கள் பழைய டீசல் ஜீப்பை விற்பதற்காகத்தான் மரக்காணம் போனோம். 2006 மார்ச், தவக்காலத்தின் இரண்டாவது சனிக்கிழமை. ஜீப்பில் உப்பளப் பக்கம் போக நினைப்பவர்களும், இன்ஜினுக்கு டர்போ பொருத்தலாமா என்று யோசிப்பவர்களும் இதை முழுதாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இன்ஜினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் டீசல் கணக்கு நோட்டு எழுதி எழுதித் தெரிந்துகொண்டதுதான்.

என் வீட்டுக்காரர் அருளப்பனுக்கு, உப்பளங்களில் உப்புத்தண்ணீர் இறைக்கும் டீசல் பம்புகளைப் பழுது பார்க்கிற வேலை. பம்பை ஏற்றிக்கொண்டு ஈரமான பாத்திக் கரைமேல் போகவேண்டும். பழைய இன்ஜின் பாதிக் கரை ஏறும்போதே மூச்சு முட்டி நின்றுவிடும். அதனால் ஜனவரியில் கோட்டக்குப்பம் மெக்கானிக்கிடம் விட்டு டர்போ பொருத்தினார். டீசலும் கொஞ்சம் கூடுதலாகப் போகும்படி வைத்தார்கள். அதே வாரம் வேறொரு கடையில் பெரிய டயராகப் பார்த்து நான்கு போட்டுக்கொண்டார்.

சக்தி கூடியது உண்மை. முதல் கியரில் முக்கி முக்கி ஏறிய கரையை இரண்டாவது கியரில் ஏறியது. ஆனால் டீசல்? முன்பு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, அடுத்தடுத்து நான்கு தடவை டேங்க் நிரப்பிப் பார்த்ததில் 10.8, 10.6, 10.7, 10.6 என்றுதான் கொடுத்தது. டர்போ வேலையை ஆரம்பிக்கும் முன்பே இருவரும் பேசி வைத்திருந்தோம், பதினொன்றுக்குக் கீழே இறங்கினால் ஜீப்பை விற்றுவிடுவது என்று. நோட்டைக் காட்டினேன். விற்றுவிடலாம் என்றார். மெக்கானிக்கிடம்தான் நான் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன், “நல்லா இருந்த இன்ஜினைக் கெடுத்துட்டியேப்பா” என்று. ஜீப் போனால் இவர் மறுபடி மொபெட்டில் ஸ்பேனர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போகவேண்டும். இடுப்பு வலிக்காரர். அதையும் நினைத்துக்கொண்டேதான் சரி என்றேன்.

அன்று காலைப் பூசை முடிந்து, 6.40க்குப் புதுச்சேரியில் டேங்கை வாய் வரை நிரப்பினோம். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்ன மாதா சுரூபத்தைப் பெயர்த்து, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். வண்டியை விற்கலாம், மாதாவை விற்கமுடியாது. சுரூபம் இருந்த இடத்தில் பசை மட்டும் வட்டமாகத் தெரிந்தது. இவர் அதைப் பார்க்காமலே ஓட்டினார்.

சாலைப் பயணத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கிலோமீட்டர் கல்லுக்கு ஜெபமாலையின் ஒரு மணி. ஒரு கல்லைப் பார்த்தால் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம். பத்து கல்லுக்கு ஜெபமாலையில் ஒரு பத்து முடியும். கிளம்புகிற கல்லைக் கணக்கில் சேர்க்கமாட்டேன், அடுத்த கல்லிலிருந்துதான் எண்ணுவேன். அன்று ‘மரக்காணம் 30’ என்று எழுதியிருந்த கல்லில் தொடங்கினேன். ஆரோவில் திருப்பம் போனது, காலாப்பட்டு போனது. கூனிமேட்டைத் தாண்டியதும் இவர் மீட்டரைப் பார்த்துவிட்டு, “நீ ஜெபம் ஆரம்பிச்சதுலேர்ந்து பதினெட்டு கிலோமீட்டர் வந்தாச்சு. டீ குடிக்கலாமா?” என்றார்.

“இருபதுங்க. ரெண்டு பத்து முடிஞ்சிடுச்சு.”

“பதினெட்டு. மீட்டர் சொல்லுது பாரு.”

“மணி சொல்லுதே இருபதுன்னு.”

“நடுவுல தூங்கியிருப்பே. தூக்கத்துல ரெண்டு மணி சேத்து உருட்டிட்டே.”

“தூங்குனவளுக்கு நீங்க காலாப்பட்டுல ரெண்டு நாயைத் திட்டுனது எப்படித் தெரியும்? அதோ கல்லைப் பாருங்க, இன்னா போட்டிருக்குது?”

கல்லில் மரக்காணம் 10 என்று இருந்தது. முப்பதில் பத்து போனால் இருபது. இவர் மீட்டரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு டீ ஆறு ரூபாய். என் டீ ஆறிப்போய்விட்டது, மடியில் நோட்டு திறந்திருந்ததால்.

“மிச்சம் பத்து கல்லையும் பாத்துடலாம்” என்றார். அனுமந்தை வழியாக மெதுவாகப் போனோம். இந்தத் தடவை இவரும் சத்தமாக எண்ணினார். பத்து கல்லுக்கு மீட்டர் ஒன்பதுதான் நகர்ந்தது. ஆக முப்பது கல்லுக்கு இருபத்தேழு. வண்டியை ஓரங்கட்டி இறங்கியவர், முன் டயரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதன்மேல் கையை வைத்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், இரண்டு மாதமாகக் கேட்காத சிரிப்பு.

“டயரு, ரீட்டா! டயரு பெருசு! ஒரு சுத்துக்கு முன்னைவிட அதிக தூரம் போவுது. மீட்டருக்கு அது தெரியாது, அது பழைய டயர்னு நெனச்சே எண்ணிட்டிருக்குது.”

“பம்பு மெக்கானிக்குக்கு இது தோணலையா?”

“நான் பாக்குற இன்ஜின் எதுக்கும் சக்கரமே கெடையாதும்மா!”

எனக்குப் புரிந்தது இப்படித்தான். சின்ன ஆழாக்கில் பத்து அளக்கிற அரிசி, பெரிய ஆழாக்கில் ஒன்பதுதான் வரும். அரிசி குறையவில்லை, ஆழாக்கு மாறியிருக்கிறது. நான் எழுதிய 10.6 உண்மையில் 11.8. எண்களை நான் தப்பாக எழுதவில்லை. ஆனால் மீட்டரை நம்பி, மனிதர்களைச் சந்தேகப்பட்டுவிட்டேன்.

மரக்காணம் உப்பளத்தில் 8.20க்கு நுழைந்தோம். ஜீப்பை வாங்குவதாக இருந்த உப்பள முதலாளி தணிகாசலம் அண்ணன் கரையிலேயே காத்திருந்தார். விற்கவில்லை என்று எப்படிச் சொல்வது என்று நான் தயங்க, அவர் அதற்குள் சற்றுத் தள்ளிக் கிடந்த ஒரு பம்பைக் காட்டி, “மொதல்ல அதை ஏத்தி அந்தாண்ட கொண்டு போய்க் காட்டு அருளப்பா” என்று சொல்லிவிட்டார். கரை, மேலே வெள்ளையாகக் காய்ந்து, அடியில் களியாக இருந்தது. இவர் உற்சாகத்தில் ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டார். நான்கு சக்கரமும் ஒரே இடத்தில் சுற்றி, சேறு தெறித்து, வண்டி ஒரு சாண் இறங்கிவிட்டது.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, “இன்னாண்ணே, வண்டி விக்க வந்தியா, சேறு அடிக்க வந்தியா?” என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவர்களே உப்புக் குவியல் மூடுகிற கீற்றுகளைக் கொண்டுவந்து சக்கரத்தின் முன்னால் போட்டார்கள். இவர் முதல் கியரில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, இன்ஜினை அதன்போக்கில் விட்டார். ஆமை மாதிரி ஏறி வந்தது. பிறகு பம்பையும் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரை வரை போய் நின்றது.

“அருமையான வண்டி! எப்போ எழுதிக் குடுக்குறே?” என்றார் தணிகாசலம்.

இவர் என்னைப் பார்த்தார். சொல்லவேண்டியவள் நான்தான். “மன்னிச்சிக்குங்கண்ணே. வண்டி குடுக்கல. மைலேஜ் போச்சுன்னு சொன்னது நான். அது தப்பு” என்று கல் கணக்கையும் டயர் கணக்கையும் சொன்னேன்.

கேட்டு முடித்தவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். “ஏம்மா, நான் காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்காம நிக்கிறேன், நீ வழியில ஜெபம் பண்ணி என் வண்டியைப் புடுங்கிட்டியே! சரி, எனக்கும் ஒரு ஜெபமாலை வாங்கியா. என் லாரி டிரைவர் சொல்ற கணக்குல எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்.”

திரும்பும்போது கோட்டக்குப்பத்தில் நிறுத்தச் சொன்னேன். மெக்கானிக்கிடம், அன்று இருந்த அதே நாலு பேர் இல்லாவிட்டாலும், இருந்தவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். “டயர் மாத்துனதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லையேக்கா” என்றார் பாவம். உண்மை. நாங்கள் சொல்லவில்லை.

மதியம் 1.10க்குப் புதுச்சேரியில் அதே பெட்ரோல் பங்கில் மறுபடி வாய் வரை நிரப்பினோம். 6.4 லிட்டர் பிடித்தது. மீட்டர் 67.5, உண்மையில் 75 கிலோமீட்டர். அதில் ஐந்து உப்பளத்துக்குள். லிட்டருக்கு 11.7. பழைய இன்ஜினைவிட 0.3 குறைவு. தூக்குகிற சுமைக்கு அது எனக்குச் சம்மதம். அவசரமாக அழுத்தி ஓட்டினால் இது கிடைக்காது, சேற்றில் அழுத்தினால் டீசலும் போகும், வண்டியும் இறங்கும். இன்ஜினில் எதையாவது மாற்றினால் அதே வாரத்தில் டயரை மாற்றாதீர்கள். மாற்றிவிட்டால், முதலில் பத்து கல்லுக்கு மீட்டரைச் சரிபார்த்துவிட்டுப் பிறகு மைலேஜ் எழுதுங்கள். உப்பளத்துக்குப் போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், அதற்குமேல் வெயிலில் வெள்ளைத் தரை கண்ணைக் கூசும்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் இவர் உள்ளே போகவில்லை. சோப்புத்தண்ணீர் விட்டு டாஷ்போர்டில் பழைய பசையைச் சுரண்டினார். என் மடியிலிருந்த துண்டைக் கேட்டு வாங்கிப் பிரித்து, புதுப் பசை தடவி மாதாவை அதே இடத்தில் வைத்து, ஒட்டும் வரை விரலை எடுக்காமல் நின்றார்.