மொட்டைமாடிக் கீரை

யுத்தத்தால் அரிசியும் காய்கறியும் அரிதாகிப்போன வருஷங்களில், நான் திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கிருந்த பியூன் நாஞ்சில்நாட்டுக்காரர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். சாயம்போன காக்கிக் கோட்டு, வீங்கின முழங்கால். மத்தியானம் நாங்கள் கைகழுவும் தண்ணீரை வாளியில் பிடித்து, சுவரைப் பற்றிக்கொண்டு மொட்டைமாடிக்குச் சுமந்துபோவார். அங்கே பழைய மண்ணெண்ணெய்த் தகரங்களில் மண் நிரப்பித் தண்டுக்கீரை போட்டிருந்தார். எங்கள் ஆறு பேருக்கும் மாற்றி மாற்றி ஒரு கட்டு தருவார். வலியசாலையில் என் வீட்டில் பல நாள் அதுதான் கறி.

ஒரு மழையில் மாடி ஒழுகி ரிக்கார்டுகள் நனைந்துவிட்டன. சூப்பிரண்டு அவரை எங்கள் முன்னால் நிறுத்தி, "யாரைக் கேட்டுத் தோட்டம் போட்டீர்?" என்று கத்தினார்.

"தப்பாப் போச்சு ஏமானே," என்றார் அவர்.

நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் பேனா முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் அவ்வளவு மண்ணையும் வாளி வாளியாக இறக்கினார். மூன்றாம் நாள் சாயங்காலம் என் மேஜைமேல் ஒரு கட்டுக் கீரையை வைத்தார்.

"எங்கமேல கோபமில்லையா ஓய்?" என்றேன்.

"கோவப்பட எங்க சாமி தெம்பு? காலு கடுக்கு. கொண்டுபோங்க, வாடிப்போவும்லா."

கொண்டுபோனேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அந்தக் கீரை தொண்டையில் லேசாக இறங்கியிருக்கும். அவர் ஏன் திட்டவில்லை என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.