முட்டை போடாத கேக்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டில் ஏறினேன். இரண்டாவது மாடியில் கதவு திறந்ததும் குப்பென்று ஒரு வாசனை. கொக்கோவும் வெண்ணெயும் சர்க்கரையும் சூட்டில் ஒன்றாகும் வாசனை. யாரோ வீட்டில் கேக் சுடுகிறார்கள். நான் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் நின்ற பெண்மணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். “முட்டை நாத்தம் அடிக்குதுங்களே. வாடகைக்கு வர்றவங்களை முன்னயே ஒரு வார்த்தை கேட்டுப்போட்டா ஆகாதுங்களா?” என்றார்.

வாயைத் திறந்தால் சண்டையாகிவிடும் என்று மூன்றாவது மாடியிலேயே இறங்கி, ஐந்தாவது மாடி வரைக்கும் படியேறினேன். கோபம் வந்தால் நான் என் முழங்கால் மூட்டைத்தான் தண்டிப்பேன். எதிராளிக்கு ஒரு சேதாரமும் இருக்காது. வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடித்தும் ஆறவில்லை. அந்த அம்மாளுக்கும் எனக்கும் முன்பின் பழக்கம் கிடையாது. ஆனால் அந்த மூக்கை எனக்கு இருபது வருஷத்துக்கு மேலாகத் தெரியும்.

அப்போது எனக்குக் கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை. ஊர் வெள்ளகோவில். அங்கிருந்து தினம் வந்துபோக முடியாது. பஸ் நிறுத்தத்திலேயே பழக்கமானவள் அமலா. பெருந்துறைக்காரி, அப்பா அங்கே சிப்காட்டில் ஃபிட்டர். ஒரு மில்லின் சோதனைக்கூடத்தில் நூலின் முறுக்கைப் பார்க்கும் வேலை அவளுக்கு. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மாடி வீட்டைப் பிடித்தோம். ஒரு அறை, ஒரு சமையலறை, முன்னால் சின்னதாக ஒரு வராந்தா. கீழே வீட்டுக்காரம்மாவும் அவர் கணவரும்.

வீட்டுக்காரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். “கவுச்சி கூடாதுங்க கண்ணு. முட்டைகூட வேண்டாமுங்க.” சரி என்றோம். பிறகு என்னைப் பார்த்து, வெள்ளகோவிலில் யார் வீட்டுப் பிள்ளை, அம்மாவுக்கு எந்த ஊர், அத்தையை எங்கே கொடுத்திருக்கிறார்கள் என்று நூல் பிடித்துக்கொண்டே போய், கடைசியில் எங்கள் சித்தப்பா வீட்டுச் சம்பந்தத்தில் வந்து நின்று, முகம் மலர்ந்துவிட்டார். அந்த மலர்ச்சியில் அமலாவைக் கேட்க மறந்துபோனார். பொட்டு வைத்து, பூ வைத்து, அமலா என்று பேரும் வைத்துக்கொண்டு நின்றவளைக் கேட்கவேண்டும் என்று தோன்றியிருக்காது. அவள் எதையும் ஒளிக்கவில்லை. மாதா படம் அவள் மேசை மேலேயே இருந்தது. வீட்டுக்காரம்மாதான் அறைக்குள் வந்ததில்லை.

சமையலில் நான் எதற்கும் லாயக்கில்லை. அரிசிம்பருப்புச் சோறு ஒன்றுதான் தெரியும், அதையும் அடிப்பிடிக்க விடுவேன். அமலா தன் வீட்டிலிருந்து ஒரு ஓவனைக் கொண்டுவந்திருந்தாள். இப்போது இருக்கிற பெட்டி ஓவன் இல்லை; அலுமினியத்தில் வட்டமாக, மூடியில் கண்ணாடி வைத்து, கரண்ட்டில் ஓடுவது. அதைப் போட்டால் கீழ்வீட்டு டியூப்லைட் கண்சிமிட்டும். அந்தக் காலத்துப் பீளமேட்டு வயரிங் அவ்வளவுதான்.

அதில் அவள் சுட்டதுதான் இந்தக் கேக். இன்றைக்குப் போனைத் தட்டினால் வாய்க்குள் நுழையாத பேரில் வருகிறது. எங்களுக்கு அது குழம்புக் கேக். ஒரு கொக்கோ டப்பாவின் முதுகில் அச்சடித்திருந்த செய்முறையை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். மைதா, கொக்கோ, சர்க்கரை, பேக்கிங் பவுடர், பால், உருக்கிய வெண்ணெய். முட்டை கிடையாது. டப்பாக்காரனே போடவில்லை. இதையெல்லாம் குழைத்துப் பாத்திரத்தில் பரப்பி, மேலே சர்க்கரையும் கொக்கோவும் தூவ வேண்டும். அந்தச் சர்க்கரைக்குப் பதில் எங்கள் வீட்டிலிருந்து வரும் நாட்டுச்சர்க்கரையைப் போட்டது அமலாவின் கைவரிசை. அதற்கப்புறம்தான் வேடிக்கை. கொதிக்கிற தண்ணீரை ஒரு கரண்டியின் முதுகில் விட்டு, அப்படியே மாவின் மேல் ஊற்றிவிடுவாள்.

முதல் தடவை பார்த்தபோது நான் அலறிவிட்டேன். “அய்யோ, எல்லாத்தையும் கெடுத்துப்போட்டயே புள்ள.” அவள் மூடியைப் போட்டாள். அரைமணி நேரம் கழித்துத் திறந்தால், தண்ணீரைக் காணோம். மேலே கேக் உப்பி வெடித்திருந்தது. கரண்டியை விட்டுத் தோண்டினால் அடியில் கெட்டியாகக் கறுப்புக் குழம்பு. மேலே ஊற்றியது எப்படி அடிக்குப் போனது என்று அன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை. அந்தக் கேக்கைச் சுடச்சுடத்தான் சாப்பிட வேண்டும். ஆறவிட்டால் குழம்பு முழுவதையும் கேக்கே குடித்துவிடும்.

அதனால்தான் அமலா ஓவனைத் திறந்த கையோடு ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு கீழே ஓடுவாள். தனக்கு எடுத்துக்கொள்வதற்கு முன்னால் கீழ்வீட்டுக்கு. எதற்கு இப்படி விழுந்தடித்து ஓடுகிறாய் என்றால், பெரியவர்கள் ஆறிப்போனதைச் சாப்பிடுவார்களா என்பாள். வீட்டுக்காரம்மா சப்புக்கொட்டிச் சாப்பிடுவார். அவர் கணவர் அதற்கும் மேலே. ஞாயிற்றுக்கிழமை டியூப்லைட் கண்சிமிட்டினால் போதும், மனுஷன் வாசலுக்கு வந்து மாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் முறுக்கோ கொய்யாப்பழமோ இருக்கும். சித்திரையில் குடிபோனோம். கார்த்திகை வரைக்கும் இப்படித்தான் கிண்ணம் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது.

டிசம்பரில் அமலா ஒரு காகித நட்சத்திரம் வாங்கி வந்தாள். சிவப்புக் காகிதம், உள்ளே ஒரு பல்பு. வராந்தாக் கம்பியில் நான்தான் நாற்காலி போட்டு ஏறிக் கட்டினேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசல் தெளிக்க வந்த வீட்டுக்காரம்மா அண்ணாந்து பார்த்து, நன்றாயிருக்கிறது, எதற்கு இது என்று கேட்டார். கிறிஸ்துமஸ் வருகிறதல்லவா அம்மா என்றாள் அமலா, சிரித்துக்கொண்டு. அவர் கொஞ்ச நேரம் நட்சத்திரத்தையே பார்த்தார்.

“ஓ, நீங்க அவங்களுங்களா” என்றார்.

அதிலும் ஒரு ‘ங்க’ இருந்தது. எங்கள் ஊர் மரியாதையை வெளியூர்க்காரர்கள் சிலாகித்துப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த ‘ங்க’தான் ஞாபகம் வரும். சின்னக் குழந்தையையும் வாங்க போங்க என்போம், வாஸ்தவம்தான். கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் வாங்க போங்க என்றுதான் சொல்வோம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். மரியாதையாகப் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அடுத்த ஞாயிறு கொண்டுபோன கிண்ணம் வாங்கிய கையோடு திரும்பி வந்தது. வயிறு சரியில்லையாம். அதற்கடுத்த ஞாயிறும் திரும்பி வந்தது. இந்தத் தடவை அதில் முட்டை போட்டிருக்குமோ என்று ஒரு யோசனையாம். சித்திரையிலிருந்து இல்லாத முட்டை, நட்சத்திரம் கட்டியதும் கேக்குக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் கணவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை.

அமலா கிண்ணத்தோடு படியேறி வந்தாள். எனக்குத் தாங்கவில்லை. நேரே கீழே போய், நீங்களே மேலே வந்து, போடுவதையெல்லாம் உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள் என்றேன். அவரும் மறுக்காமல் வந்தார். நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். அமலா ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துக் காட்டிக் காட்டிப் போட்டாள். குற்றம் செய்யாதவள் எதற்கு இப்படிக் காட்ட வேண்டும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இப்போது நினைத்தால் அதற்கும் சேர்த்துப் பற்றிக்கொண்டு வருகிறது.

வெந்நீரை ஊற்றியபோது, “அய்யோ, தண்ணியூத்தறீங்களே கண்ணு” என்று அவரும் என்னை மாதிரியே பதறினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன். கேக் வெந்தது, உப்பியது. அமலா தோண்டிக் குழம்போடு ஒரு கிண்ணத்தில் போட்டு நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஓவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க முட்டை போடலீங்க கண்ணு, கண்ணாலதான் பாத்தனே. ஆனா இந்த ஓவன்ல இதுக்கு முந்தி உங்கூட்ல போட்டிருப்பாங்கல்லங்க?”

போட்டிருக்கிறார்கள் என்றாள் அமலா. அவளுக்குப் பொய் வராது. நான் குறுக்கே விழுந்தேன். இத்தனை மாதமும் இதே ஓவனில் சுட்டதைத்தானே சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். என் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

“அப்பத் தெரியாதுங்களே” என்றார் அவர், அவ்வளவு சாந்தமாக.

இறங்கிப் போகும்போது என்னை மட்டும் படிக்கட்டுக்குக் கூப்பிட்டார். “உங்களைச் சொல்லலீங்க அம்மணி. நீங்க நம்மூட்டுப் புள்ளை, எத்தனை வருசம் வேணும்னாலும் இருங்க. அந்தப் புள்ளையத்தான் தை பொறக்கறதுக்குள்ள வேற எடம் பாத்துக்கச் சொல்லுங்க.” போனால் இரண்டு பேரும்தான் போவோம் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். கேக் ஆறி, குழம்பையெல்லாம் குடித்து, வறண்டுபோய்க் கிடந்தது. பாதிக்கு மேல் நானே நின்ற வாக்கில் தின்று தீர்த்தேன். கோபத்தில் எனக்குப் பசி அதிகம்.

அதற்குள் அமலா நாற்காலி போட்டு நட்சத்திரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் பிடுங்கி மறுபடியும் கட்டினேன். அவள் மறுபடியும் அவிழ்த்தாள். கத்தாதே புள்ள, அவர்கள் வீடு, அவர்கள் இஷ்டம் என்றாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். காகிதம் கிழியாமல் மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

பொங்கலுக்குள் பத்துப் பதினைந்து வீடாவது பார்த்திருப்போம். விடுகிற இடத்தில் எங்களுக்கு வீடு பிடிக்கவில்லை, வீடு பிடித்த இடத்தில் அவர்களுக்கு எங்களைப் பிடிக்கவில்லை. வாசலில் நின்று அவள் இன்ன மதம் என்று முதலில் சொன்னால், குடும்பத்துக்குத்தான் விடறமுங்க என்பார்கள். அதையும் மரியாதையாகத்தான் சொல்வார்கள். கடைசியில் டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியில் ஒரே ஒரு இடம் கிடைத்து அவள் அங்கே போனாள். நான் ஹோப் காலேஜ் பக்கம் ஒரு விடுதிக்குப் போனேன். இரண்டு இடத்திலும் சமைக்க அனுமதி இல்லை. ஓவன் பெருந்துறைக்கே திரும்பிப் போனது.

நாங்கள் பிரிந்துவிடவில்லை. அவள் கல்யாணத்துக்கு நான் போனேன், என் கல்யாணத்துக்கு அவள் வந்தாள். இப்போது ஈரோட்டில் இருக்கிறாள். ஆனால் அந்தக் கேக்கை அவள் கையால் அதற்கப்புறம் நான் சாப்பிட்டதில்லை. கேட்டால், நேரமில்லை புள்ள என்பாள்.

இரண்டு மாதம் முன்னால் அவள் பெண்ணுக்குப் பீளமேட்டில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை கிடைத்தது. கூடப் போய் ஒரு வீடு பார்த்துக் கொடு என்று அமலா போன் செய்தாள். பெண்ணின் பேர் கிறிஸ்டினா மேரி. நல்ல சூட்டிகையான பிள்ளை. ஒரு வாசலில் வீட்டுக்காரர் எங்களை உட்காரவைத்து மோரெல்லாம் கொடுத்தார். பிறகு பேரைக் கேட்டார். சொன்னாள். இப்போதுதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்தப் பெண்ணோ, “பரவாயில்லீங்க, வாரமுங்க” என்று எழுந்து, தெருவில் நின்று போனில் அடுத்த வீட்டைத் தேட ஆரம்பித்துவிட்டாள். முகத்தில் ஒரு சுணக்கம்கூட இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அமலாவைக் கூப்பிட்டுப் பொரிந்து தள்ளினேன். வீட்டுக்காரரைத் திட்டி முடித்து, ஊரைத் திட்டி முடித்து, கோபத்தில் அவளையும் திட்டினேன். உன் பேர் மாதிரி எல்லாருக்கும் பொதுவாக ஒரு பேரை வைத்துத் தொலைத்திருக்கலாமே, இந்தப் பிள்ளை வாசல் வாசலாகத் திரும்பி வரவேண்டாமே என்றேன்.

“அதுக்குன்னுதானே பாத்து வெச்சேன்” என்றாள் அமலா. “பேரைக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சுன்னா வாசலோட போயிரும். நம்மளை மாதிரி சமைச்சு, எறக்கி, கொண்டுபோய்க் கொடுத்ததுக்கப்புறமா தெரியறதுதான் புள்ள தாங்காது.”

சாப்பிட்டாயா என்று கேட்டாள். மூட்டுவலிக்கு ஏதோ ஒரு தைலத்தின் பேர் சொன்னாள். போனை வைத்துவிட்டோம். கோயமுத்தூரில் இப்போது தெருவுக்குத் தெரு கேக் கடை இருக்கிறது, பீளமேட்டில் அந்த மாடி வீடும் அப்படியே இருக்கிறது. பெரியவர்கள் ஆறிப்போனதைச் சாப்பிடக் கூடாது என்று கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாளே ஒரு பெண், அவளைத்தான் காணோம்.